வெய்புல்லில் ஓர் அளவுரு கூட்டினால் போதுமா? புற்றுநோய், இயலாமைத் தரவுகளுக்குப் பரவலை விரிப்பது பற்றி

வைகைக்கரை (கேள்வி)

வணக்கம். வெய்புல் பரவலில் (ஒரு நிகழ்வு வரை ஆகும் காலத்துக்கான நிகழ்தகவுப் பரவல்) ஓர் அளவுருவைக் கூட்டி விரித்து, புற்றுநோய்த் தரவுக்கும் இயலாமைத் தரவுக்கும் பொருத்திக் காட்ட வேண்டும். ஆர் மென்பொருளில், ஆப்டிம் என்ற உச்சம் தேடும் சார்பைக் கொண்டு செய்கிறேன். பல இடங்களில் முட்டுகிறது.

முதல் தரவு, எல்லாரும் எடுத்தாளும் அந்த 128 சிறுநீர்ப்பைப் புற்றுநோயாளிகளின் நோய்தணிவுக் காலம், மாதக் கணக்கில். எக்ஸ்பொனென்ஷியேட்டட் வெய்புல், மார்ஷல்-ஒல்கின் வெய்புல், ட்ரான்ஸ்மியூட்டட் வெய்புல் மூன்றையும் போட்டேன். மூன்றுக்கும், பொருத்தம் பார்க்கும் கோல்மகோரவ்-ஸ்மிர்னவ் சோதனையின் பி-மதிப்பு 0.9க்கு மேல். எதைத் தேர்வது? எக்ஸ்பொனென்ஷியேட்டடில் தொடக்க மதிப்பை மாற்றினால் மதிப்பீடுகள் எங்கெங்கோ போகின்றன, லாக்-லைக்லிஹுட் (தரவோடு பொருந்தும் அளவின் மடக்கை) மட்டும் கிட்டத்தட்ட அப்படியே இருக்கிறது. ட்ரான்ஸ்மியூட்டடில் கூடுதல் அளவுரு −1இல் போய் ஒட்டிக்கொள்கிறது, ஹெஸ்ஸியன் (இரண்டாம் வகைக்கெழு அணி) நேர்மாறு வரமாட்டேன் என்கிறது.

அடுத்தது, சர்வைவல் பேக்கேஜில் உள்ள நுரையீரல் புற்றுநோய்த் தரவு, 228 பேர். நான் பார்த்த கட்டுரைகளில் அடர்த்திச் சார்பின் லைக்லிஹுட் மட்டுமே இருப்பதால், சென்சார் ஆன (கண்காணிப்பு முடிந்தபோது இறந்திராத) 63 பேரை விட்டுவிட்டு மீதியில் பொருத்தலாமா?

மூன்றாவது இயலாமை. முதியவர்களை 6 மாதத்துக்கு ஒருமுறை பார்த்து, குளித்தல், உடுத்தல், கழிப்பறை செல்லுதல், எழுந்து நகர்தல், மலசலக் கட்டுப்பாடு, உண்ணுதல் ஆகிய ஆறில் ஏதாவது ஒன்றுக்குத் துணை தேவைப்பட்டால் இயலாமை என்று குறித்த தரவு. சரியான தேதி தெரியாததால் இரு வருகைகளின் நடுநாளை எடுத்திருக்கிறேன். இடையில் சிலர் இறந்திருக்கிறார்கள். இதோடு மாற்றுத்திறனாளிச் சான்றிதழ்களில் உள்ள சதவீதங்கள் தனியாக ஒரு தொகுப்பு. எல்லாவற்றுக்கும் ஒரே பரவலைச் சொல்லலாமா?

எண்ணும்எழுத்தும்

128 பேர் தரவை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன்.

அடுக்குக்குறிப் பரவலுக்கு லாக்-லைக்லிஹுட் −414.34. வெய்புல்லுக்கு −414.09. ஓர் அளவுரு கூடியும் கால் புள்ளிதான் ஏறியிருக்கிறது. வடிவ அளவுரு 1.05 என்று வருகிறது. இதை வைத்து "ஹசார்ட் மாறிலி", அதாவது நிகழ்வு நேரும் உடனடி வீதம் மாறாது, என்று முடிவுகட்டிவிடாதீர்கள். டிடிடி (மொத்தச் சோதனைக் காலம்) வரைபடம் போட்டுப் பாருங்கள். கோடு முதலில் மேற்புறமாகப் புடைத்து, பிறகு கீழ்ப்புறமாகத் தொய்ந்து போகும். ஹசார்ட் ஏறி, பின் இறங்குகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். வெய்புல்லின் ஹசார்டுக்கு ஒரே திசைதான் தெரியும். ஏற்றத்தையும் இறக்கத்தையும் சேர்த்துச் சமன்செய்ததில்தான் 1.05 கிடைக்கிறது. ஆக இந்தத் தரவு கேட்பது ஏறி இறங்கும் ஹசார்ட். கூட்டுகிற அளவுரு அதைத் தருகிறதா என்பதே முதல் தேர்வு.

எக்ஸ்பொனென்ஷியேட்டட் வெய்புல் தருகிறது. வடிவம் க, அளவு ச, கூடுதல் அடுக்கு த, காலம் கா என்று வைத்தால் பரவல் சார்பு (வாய்பாடுகளில் அடுக்கு(...) என்பது e-இன் அடுக்கு):

(1 − அடுக்கு(−(கா/ச)^க))^த

1993இல் முதோல்கரும் ஸ்ரீவஸ்தவாவும் கொடுத்தது. இதன் ஹசார்ட் வடிவத்தை க, க×த என்ற இரண்டை மட்டும் பார்த்துச் சொல்லிவிடலாம். இரண்டும் 1க்கு மேல் என்றால் ஏறும், இரண்டும் 1க்குக் கீழ் என்றால் இறங்கும். க 1க்கு மேல், க×த 1க்குக் கீழ் என்றால் தொட்டி வடிவம். க 1க்குக் கீழ், க×த 1க்கு மேல் என்றால் ஏறி இறங்கும். உங்கள் தரவுக்கு க சுமார் 0.654, ச சுமார் 3.35, த சுமார் 2.80 வர வேண்டும், லாக்-லைக்லிஹுட் −410.68. பெருக்கல் 1.83, ஆகவே நான்காவது வகை. இந்த மதிப்புகளில் ஹசார்டைக் கணக்கிட்டால் அரை மாதத்தில் மாதத்துக்கு 0.067, ஐந்து மாதத்தையொட்டி உச்சம் 0.124, இருபதாம் மாதத்தில் 0.10. நோய் திரும்பும் ஆபத்து நான்கைந்து மாதத்தில் உச்சம் தொட்டு மெல்லத் தணிகிறது. ஆய்வேட்டில் இந்த வரியைத்தான் முன்னால் எழுத வேண்டும், ஏஐசி (கூடுதல் அளவுருக்களுக்குத் தண்டம் விதித்துப் பொருத்தத்தை ஒப்பிடும் எண், குறைவே நல்லது) அட்டவணை அதற்குப் பிறகு வரட்டும்.

மதிப்பீடுகள் அலைவதற்குக் காரணம்: த-வை ஏற்றி, க-வையும் ச-வையும் இறக்கினால் வளைவு பெரிதாக மாறுவதில்லை. லைக்லிஹுட் பரப்பில் நீண்ட ஒடுங்கிய மேடு ஒன்று இருக்கிறது, ஆப்டிம் அதன் மேல் எங்கே களைத்து நிற்கிறதோ அதை விடை என்று கொடுக்கிறது. மூன்று காரியம் செய்யுங்கள். மூன்று அளவுருக்களையும் மடக்கையில் வைத்துத் தேடுங்கள், எதிர்க்குறிப் பகுதிக்குள் போகவே வழி இருக்காது. ச-வுக்குப் பதில் இடைநிலையை அளவுருவாக வையுங்கள்: இடைநிலை இ என்றால்

ச = இ / (−மடக்கை(1 − 0.5^(1/த)))^(1/க)

இடைநிலையைத் தரவே இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும் (இங்கே 6.4 மாதத்தையொட்டி), ஆகவே மேட்டின் நீளம் பெருமளவு குறையும். பிறகு த-வை 0.3, 1, 3, 10 என்று வெவ்வேறு இடங்களில் தொடங்கி ஓட்டி, மிகப் பெரிய லாக்-லைக்லிஹுட்டை எடுங்கள். நெல்டர்-மீட் தேடல் முறை சொன்ன இடத்திலிருந்து பிஎஃப்ஜிஎஸ் என்ற இன்னொரு தேடல் முறையை ஒருமுறை ஓட்டிச் சரிபார்ப்பது நல்லது.

இன்னொரு பொறி. த-வின் திட்டப் பிழை சுமார் 1.26. வித்தியாசத்தைத் திட்டப் பிழையால் வகுக்கும் வால்ட் முறையில் (2.80 − 1)/1.26 = 1.4, "தேவையில்லாத அளவுரு" என்று தோன்றும். லைக்லிஹுட் விகிதச் சோதனையோ 2 × (414.09 − 410.68) = 6.8, ஒரு சுதந்திரப் பாகைக்குப் பி-மதிப்பு 0.01க்குக் கீழ். முரண்பாடு ஏன் என்றால், த-வுக்கான லைக்லிஹுட் வலப்பக்கம் நீண்டு சாய்ந்திருக்கிறது. வால்ட் அதைச் சமச்சீரான பரவளையம் என்று எடுத்துக்கொள்கிறது. த-வுக்கு நம்பக இடைவெளி கொடுப்பதென்றால் ப்ரொஃபைல் லைக்லிஹுட்டிலிருந்து (த-வை ஒவ்வொரு மதிப்பிலும் கட்டி மற்றவற்றை உச்சப்படுத்துவது) கொடுங்கள்.

ஏஐசியும், அளவுருக்களுக்கு இன்னும் கடுமையான தண்டம் விதிக்கும் பிஐசியும் இங்கே ஒத்துப்போகாது, அதையும் மறைக்காமல் எழுதுங்கள். ஏஐசி: அடுக்குக்குறி 830.7, வெய்புல் 832.2, எக்ஸ்பொனென்ஷியேட்டட் 827.4. பிஐசி: 833.5, 837.9, 835.9. பிஐசி கணக்கில் எளிய அடுக்குக்குறிதான் முன்னால் நிற்கிறது. 128 பேரிடமிருந்து மூன்று அளவுருக்களுக்கான செய்தி அவ்வளவுதான் கிடைக்கும். நான்கு, ஐந்து அளவுருப் பரவல்களை இதே தரவில் போட்டு அரைப் புள்ளி ஏற்றம் காட்டுவதில் எனக்கு மதிப்பில்லை.

ட்ரான்ஸ்மியூட்டட்: அடிப்படைப் பரவல் சார்பு ப என்றால் இது (1+ல)ப − லப², ல −1க்கும் 1க்கும் நடுவில். ல = −1 போட்டுப் பாருங்கள், ப² மட்டும் மிஞ்சும். அதாவது த = 2 என்ற எக்ஸ்பொனென்ஷியேட்டட். தரவு 2.8ஐ நோக்கி இழுக்கிறது, ட்ரான்ஸ்மியூட்டடால் 2 வரைதான் வர முடியும், அதனால் எல்லைச் சுவரில் முட்டி நிற்கிறது. நிரலில் குறை இல்லை. எல்லையில் சரிவு பூச்சியமாக இருக்காது, ஆகவே ஹெஸ்ஸியனிலிருந்து திட்டப் பிழை எடுப்பதற்கே அர்த்தமில்லை. இந்தப் பரவலை இந்தத் தரவுக்கு விட்டுவிடுங்கள்.

பி-மதிப்பு 0.9: கோல்மகோரவ்-ஸ்மிர்னவ் அட்டவணை, அளவுருக்கள் முன்கூட்டியே தெரிந்த பரவலுக்கானது. அதே தரவில் மதிப்பிட்டுவிட்டு அதே தரவில் சோதித்தால் பி-மதிப்பு ஊதிப்போகும். அளவுரு கூடக் கூட இன்னும் ஊதும். பொருத்திய பரவலிலிருந்து 128 எண்களை உருவாக்கி, மறுபடி பொருத்தி, தூரத்தைக் கணக்கிடுங்கள். இப்படி 1000 தடவை. உண்மைத் தூரம் அந்த ஆயிரத்தில் எங்கே விழுகிறது என்பதே பி-மதிப்பு. ஒவ்வொரு தடவையும் மறுபடி பொருத்துவதை விட்டுவிட்டால் பழைய கோளாறே திரும்பும். எண் உருவாக்க, உ என்ற சீரான எண்ணை எடுத்து ச × (−மடக்கை(1 − உ^(1/த)))^(1/க) போதும்.

உயிர்ப்புள்ளி

இரண்டாவது கேள்விக்கு. 63 பேரை விடவே கூடாது. எவ்வளவு கெடும் என்று அந்தத் தரவிலேயே பார்த்துவிடலாம்.

228 பேர், 165 இறப்பு, எல்லாருடைய காலமும் சேர்ந்து 69,593 நாள். அடுக்குக்குறிப் பரவலில் சென்சாரிங்கைச் சரியாக எடுத்தால் சராசரி 69,593/165, அதாவது 422 நாள். 63 பேரை நீக்கினால் இறந்தவர்களின் சராசரி 283 நாள். எல்லாரும் அன்றே இறந்துவிட்டதாக எடுத்தால் 305 நாள். மேலே எத்தனை அளவுரு கூட்டினாலும் இந்த 140 நாள் பள்ளம் நிரம்பாது. கூடுதல் அளவுரு தவறான வளைவை இன்னும் அழகாகப் பின்தொடரும், அவ்வளவே.

லைக்லிஹுட் எளிது: இறந்தவருக்கு அடர்த்தியின் மடக்கை, சென்சார் ஆனவருக்குப் பிழைப்புச் சார்பின் மடக்கை. இரண்டையும் கூட்டுங்கள். அந்தத் தரவில் நிலை 1 என்றால் சென்சார், 2 என்றால் இறப்பு. சர்வைவல் பேக்கேஜின் சர்வ் சார்புக்கு இது தெரியும். நீங்களே எழுதும் லைக்லிஹுட்டுக்குத் தெரியாது. 0, 1 என்று மாற்றாமல் பெருக்கினால் இறந்தவர் இரண்டு முறையும் சென்சார் ஆனவர் ஒருமுறையும் "இறப்பார்கள்", பிழைச் செய்தி எதுவும் வராது.

உங்கள் நிரல் சரியா என்று பார்க்க அளவுகோல்: அடுக்குக்குறிக்கு லாக்-லைக்லிஹுட் −1162.3, வெய்புல்லுக்கு −1153.9, வடிவம் 1.32, அளவு 418 நாள். வெய்புல் தரும் இடைநிலை 317 நாள், எந்தப் பரவலையும் அனுமானிக்காத கப்லான்-மேயர் கோடு தருவது 310. இந்த எண்கள் வந்த பிறகுதான் கூடுதல் அளவுருவைத் திறந்துவிட வேண்டும். த-வை 1இல் கட்டி ஓட்டினால் −1153.9 திரும்பக் கிடைக்க வேண்டும். கிடைக்கவில்லை என்றால் தவறு நிரலில்.

சென்சார் ஆனவர்களைச் சேர்த்ததும் ஒரு புதுத் தொல்லை வரும். பிழைப்புச் சார்பை 1 கழித்தல் பரவல் சார்பு என்று நேராக எழுதினால், நீண்ட நாள் இருந்தவருக்குப் பரவல் சார்பு 1ஐ ஒட்டி, கழித்தால் பூச்சியம், மடக்கை எடுத்தால் எதிர் முடிவிலி, தேடல் அங்கேயே நிற்கும். லாக்1பி (மடக்கை(1 + எண்)), எக்ஸ்பிஎம்1 (அடுக்கு(எண்) − 1) இரண்டையும் பயன்படுத்தி எழுதுங்கள்: முதலில் எ = மடக்கை(1 − அடுக்கு(−(கா/ச)^க)) என்பதை லாக்1பியால், பிறகு பிழைப்பு = −எக்ஸ்பிஎம்1(த × எ). நாட்களை 100 அல்லது 365ஆல் வகுத்துக்கொண்டால் படி அளவுகளும் ஒழுங்காகும். ஆனால் வேறு அலகில் கிடைத்த லாக்-லைக்லிஹுட்டோடு ஒப்பிடும்போது இறப்பு எண்ணிக்கை × மடக்கை(வகுத்த எண்) என்ற திருத்தத்தைச் சேர்க்க மறக்க வேண்டாம்.

எஃப்ரன் 1988இல் எடுத்தாண்ட தலை-கழுத்துப் புற்றுநோய்த் தரவிலும் இதே கதி. கதிர்வீச்சு மட்டும் பெற்ற 51 பேரில் 9 பேர், கதிர்வீச்சோடு மருந்தும் பெற்ற 45 பேரில் 14 பேர் சென்சார் ஆனவர்கள். இரண்டாம் தொகுப்பில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. அந்த எண்களை முழுத் தரவாக எடுத்துப் பொருத்திய கட்டுரைகள் உண்டு; அவற்றின் அட்டவணையோடு உங்கள் ஏஐசியை ஒப்பிட வேண்டாம்.

உங்கள் தலைப்பில் இயலாமையும் இருப்பதால் ஒன்று: நுரையீரல் தரவிலேயே ஈகாக் செயல்திறன் மதிப்பெண் (0 என்றால் முழுச் செயல்திறன், எண் ஏற ஏற இயலாமை) இருக்கிறது. 0 பெற்றவர்கள் 63, 1 பெற்றவர்கள் 113, 2 பெற்றவர்கள் 50, 3 பெற்றவர் ஒரே ஒருவர், ஒருவருக்குப் பதிவில்லை. 2 என்றால் பகலில் பாதிக்கும் குறைவான நேரம் படுக்கை, 3 என்றால் பாதிக்கும் மேல். அந்த ஒருவருக்காகத் தனி வகை வைத்தால் அதன் கெழு ஒரே மனிதரின் நாளைச் சொல்லும். 2, 3 இரண்டையும் சேர்த்துவிடுங்கள்.

வைகைக்கரை

இருவருக்கும் நன்றி. வெய்புல் அளவுகோல் எண்கள் வந்துவிட்டன. த-வுக்கு ஹசார்ட் வழியாகப் பொருள் சொல்ல முடிகிறது. மார்ஷல்-ஒல்கினின் கூடுதல் அளவுருவுக்கு நோயாளி தரப்பில் ஏதாவது பொருள் உண்டா? தேர்வாளர்கள் கட்டாயம் கேட்பார்கள்.

எண்ணும்எழுத்தும்

உண்டு, அதனால்தான் விரித்த குடும்பங்களில் எனக்கு அதன்மேல் மதிப்பு அதிகம். அடிப்படைப் பிழைப்புச் சார்பு பி, அளவுரு ம என்றால் புதிய பிழைப்புச் சார்பு:

ம × பி / (1 − (1−ம) × பி)

இதைத் திருப்பி எழுதினால், எந்த நாளிலும் "இருப்பவர் : இறந்தவர்" விகிதம் அடிப்படையைப் போல ம மடங்கு. ம = 2 என்றால், அடிப்படையில் பாதிப் பேர் மிஞ்சும் நாளில் (1:1) இங்கே 2:1, அதாவது 67 சதவீதம் மிஞ்சுவர். ஹசார்டோ அடிப்படை ஹசார்டை (1 − (1−ம) × பி)ஆல் வகுத்தது. தொடக்கத்தில் 1/ம மடங்கு, காலம் போகப் போக 1 மடங்கு. சிகிச்சை முதலில் ஆபத்தைக் குறைத்து, பிறகு அந்தப் பலன் தேய்ந்துபோகும் புற்றுநோய்த் தரவுகளுக்கு இது நேராகப் பொருந்தும். ஹசார்ட் விகிதம் கடைசி வரை மாறாது என்று வைக்கும் காக்ஸ் மாதிரி அங்கேதான் தடுமாறும். ஆகவே ம-வை ஒரே எண்ணாக வைக்காதீர்கள். அதன் மடக்கையைச் சிகிச்சை, வயது, ஈகாக் ஆகியவற்றின் நேரியல் கூட்டாக எழுதுங்கள். இருப்பவர்-இறந்தவர் விகிதம் மாறா மடங்கில் நிற்கும் ப்ரொபோர்ஷனல் ஆட்ஸ் மாதிரி உங்கள் கையில்.

மார்ஷலும் ஒல்கினும் எழுதிய 1997 கட்டுரையில் உள்ள இன்னொரு வழியும் புற்றுநோய்க்கு ஏற்றது. ம 1க்குக் கீழ் என்றால், வடிவியல் பரவல்படி எண்ணிக்கை அமைந்த மீந்த செல்கள், அவற்றில் முதலில் வளர்வது நோயைத் திரும்பக் கொண்டுவருகிறது என்ற படம். அந்த எண்ணிக்கை குறைந்தது 1 என்பதைக் கவனியுங்கள். ஆகவே குணமானவர் என்று யாருமே இல்லை. எண்ணிக்கை பூச்சியமாகவும் இருக்கலாம் என்று பாய்சான் பரவல் வைத்தால் பிழைப்புச் சார்பு அடுக்கு(−சராசரி × ப) ஆகும், வால் பூச்சியத்துக்கு இறங்காமல் அடுக்கு(−சராசரி)யில் நிற்கும். மீந்த செல்களின் சராசரி 1.2 என்றால் 30 சதவீதம் பேர் குணம். கப்லான்-மேயர் கோடு நீண்ட நாள் தட்டையாக ஓடுகிற தரவு என்றால் இதுதான் சரியான விரிவு. எக்ஸ்பொனென்ஷியேட்டட், மார்ஷல்-ஒல்கின் இரண்டும் அந்தத் தட்டையை நீண்ட வாலாகப் பாவித்து அளவு அளவுருவை எக்கச்சக்கமாக நீட்டும். தட்டைப் பகுதியில் போதிய ஆட்கள் இன்னும் கண்காணிப்பில் இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள். கடைசி இருவர் மட்டும் இருக்கும் தட்டையை நம்பிக் குணப் பங்கு சொல்லக் கூடாது.

அளவுரு கூட்டுவதில் ஒரு வெற்றுவேலையும் உண்டு. பிழைப்புச் சார்பை அடுக்கில் ஏற்றும் வகையை வெய்புல்லில் போட்டால் அடுக்கு(−அ × (கா/ச)^க) வரும். அ-வும் ச-வும் ஒரே வேலையைச் செய்பவை, மறுபடி வெய்புல்தான். குமாரசாமி-வெய்புல் நான்கு அளவுருவோடு அலைவதற்கு இது ஒரு காரணம்: முதல் கூடுதல் அளவுரு 1ஐ நெருங்கினால் இரண்டாவதற்கு வேலையே இல்லாமல் போகிறது.

கடலோரக்காற்று

இயலாமைத் தரவுக்கு வருகிறேன். இங்கே பரவலைவிடத் தரவு சேர்ந்த விதம்தான் பெரிய விஷயம்.

நடுநாள் எடுத்ததை முதலில் கலைத்துவிடுங்கள். 6 மாத வருகை என்றால் எல்லா நிகழ்வும் 3, 9, 15 மாதத்தில் குவியும். முதல் மூன்று மாதத்தில் ஒரு நிகழ்வும் இல்லாததுபோலத் தெரிவதால் பூச்சியத்தருகே அடர்த்தி அமுங்கி, வடிவ அளவுரு மேலே போகும். பிறகு கூடுதல் அளவுரு அந்தப் பொய்ப் பள்ளத்தைப் பின்தொடர்ந்து "ஏஐசி குறைந்தது" என்று காட்டும். சரியான பங்களிப்பு: கடைசியாக நலமாகப் பார்த்த வருகையின் பிழைப்புச் சார்பு கழித்தல் இயலாமையோடு முதலில் பார்த்த வருகையின் பிழைப்புச் சார்பு. சர்வ் சார்பில் இன்டர்வல்2 வகை: இடது எல்லை ஒரு நிரல், வலது எல்லை ஒரு நிரல், இன்னும் இயலாமை வராதவருக்கு வலது நிரல் காலி. முதல் வருகையிலேயே இயலாமை இருந்தவர்களை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அவர்களுக்கு அது எப்போது வந்தது என்பது படிப்புக்கு முந்திய கதை.

கால அச்சு எது? சேர்ந்த நாளிலிருந்து எண்ணினால் 66 வயதுக்காரரும் 84 வயதுக்காரரும் பூச்சியத்தில் நிற்பார்கள். முதியவர்களுக்கு இயலாமை ஆபத்து வயதோடு வேகமாக ஏறுகிறது, படிப்பில் சேர்ந்த நாளுக்கு உயிரியல் பொருள் ஒன்றும் இல்லை. வயதை அச்சாக வைத்து, சேர்ந்த வயதின் பிழைப்புச் சார்பால் வகுங்கள். அந்த வயதுவரை நலமாக இருந்தவர்கள்தான் உள்ளே வந்தார்கள் என்பதற்கான திருத்தம் அது. வயது அச்சில், ஹசார்ட் வயதோடு அடுக்குக்குறியாக ஏறும் கோம்பெர்ட்ஸ் பரவலை அடிப்படையாக வைத்து மார்ஷல்-ஒல்கின் விரிவைப் போட்டுப் பாருங்கள், வெய்புல்லைவிடப் பேசுவதற்கு வசதியாக இருக்கும்.

இடையில் இறந்தவர்கள்தான் கடினமான பகுதி. மார்ச்சில் நலமாகப் பார்த்தவர் ஜூலையில் இறந்தார், அடுத்த வருகை செப்டம்பர். இவர் இயலாமை வராமலே இறந்திருக்கலாம், அல்லது மே மாதம் படுக்கையில் விழுந்து ஜூலையில் இறந்திருக்கலாம். மார்ச்சில் சென்சார் செய்தால் இரண்டாம் வழியை இல்லை என்று வைத்ததாகிறது. இயலாமை வந்தவர்களின் இறப்பு வீதம் அதிகம் என்பதால், வருகைக்கு அகப்படாமல் போகிறவர்கள் பெரும்பாலும் அவர்களே. இயலாமை வரும் வீதம் குறைவாகத் தெரியும், வருகை இடைவெளி நீளும் அளவுக்கு இன்னும் குறையும். இதற்கு நலம், இயலாமை, இறப்பு என்ற மூன்று நிலை மாதிரி வேண்டும். அந்த ஒருவரின் லைக்லிஹுட் இரண்டு வழிகளின் கூட்டல்: நேரே இறந்தது ஒன்று, மார்ச் முதல் ஜூலை வரை ஒவ்வொரு நாளிலும் இயலாமை வந்து, அதன்பின் ஜூலையில் இறந்ததைத் தொகையிடுவது மற்றொன்று. தொகையிடலுக்கு காஸ் முறையில் 15 புள்ளிகள் தாராளம். ஆரில் ஸ்மூத்ஹசார்ட் பேக்கேஜ் வெய்புல் அடிப்படையில் இதைச் செய்கிறது. முதலில் அதை ஓட்டுங்கள், பிறகு நலத்திலிருந்து இயலாமைக்குப் போகும் ஒரே ஒரு மாற்றத்தில் மட்டும் உங்கள் விரித்த பரவலை நுழையுங்கள். மூன்று மாற்றத்திலும் கூடுதல் அளவுரு போட்டால் தாங்காது.

குளிக்கத் துணை வேண்டியவர் அடுத்த வருகையில் தானே குளிக்கலாம், எலும்பு முறிவுக்குப் பிறகு சாதாரணமாக நடப்பது. ஆகவே "முதன்முறை இயலாமை" என்கிறீர்களா, "அடுத்தடுத்த இரு வருகையில் இயலாமை" என்கிறீர்களா என்று வரையறையில் எழுதுங்கள். இரண்டாவதை எடுத்தால் கடைசி வருகையில் மட்டும் இயலாமையோடு இருந்தவருக்கு இன்னும் உறுதியாகவில்லை என்று சென்சார் செய்ய வேண்டும்.

சான்றிதழ்ச் சதவீதம் வேறு இனம். அது காலமே இல்லை, 0க்கும் 100க்கும் நடுவில் ஓர் அளவு. பீட்டா அல்லது குமாரசாமி பரவலை விரிப்பதுதான் அங்கே பொருந்தும். சதவீதத்தை 100ஆல் வகுத்து அளவு என்று வைத்தால், குமாரசாமிக்குப் பரவல் சார்பு 1 − (1 − அளவு^அ)^ஆ என்று நேராக இருப்பதால், வெட்டுண்ட தரவையும் இடைவெளித் தரவையும் கையாள்வது எளிதாகும். வெய்புல்லை இங்கே இழுத்து வர வேண்டாம், 100க்கு மேலும் நிகழ்தகவு கொடுக்கும்.

உயிர்ப்புள்ளி

சதவீதத்தில் கடலோரக்காற்று சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும், இந்தியத் தரவு என்று வைத்துச் சொல்கிறேன். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் பல சலுகைகளுக்கு எல்லை 40 சதவீதம். அதனால் 40க்குக் கீழ் உள்ளவர்கள் உங்கள் தொகுப்பில் குறைவாகவோ இல்லாமலோ இருப்பார்கள். அதே காரணத்தால் 40இலேயே ஒரு குவியல் நிற்கும். முதலாவதற்கு, அடர்த்தியை 1 கழித்தல் 40இல் பரவல் சார்பு என்பதால் வகுத்து வெட்டுண்ட பரவலாக எடுங்கள். இரண்டாவதற்கு எந்த மிருதுவான பரவலும் மருந்தில்லை. 40இல் தனி நிகழ்தகவு நிறை வையுங்கள். 100 என்று பதிவானவர்களுக்கும் அப்படியே, ஏனென்றால் பீட்டாவிலும் குமாரசாமியிலும் சரியாக 100 என்பதன் மடக்கை முடிவிலிக்குப் போய்விடும். 99.9 என்று திருத்திப் பொருத்துகிறவர்கள் உண்டு, 99.9, 99.99 இரண்டையும் போட்டுப் பாருங்கள், ஆ அளவுரு எவ்வளவு நகர்கிறது என்று தெரிந்ததும் அந்தப் பழக்கத்தை விட்டுவிடுவீர்கள்.

50, 60, 70 என்று வட்ட எண்களில் குவிந்திருக்கும். 50 என்பதை 45 முதல் 55 வரை என்ற இடைவெளியாக எடுத்து, பரவல் சார்பு வித்தியாசத்தை லைக்லிஹுட்டாக வைக்கலாம். ஒன்றுக்கு மேற்பட்ட இயலாமை உள்ளவர்களைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள். அவர்களுக்குச் சதவீதம் நேர்க் கூட்டல் அல்ல. பெரியது + சிறியது × (90 − பெரியது)/90 என்ற வாய்பாடு. 60, 30 என்றால் 60 + 30 × 30/90 = 70. 50, 40 என்றால் 67.8. 67.8 போன்ற எண்கள் அங்கிருந்து வருபவை, அவற்றை வட்டமாக்கிய எண்களின் இடைவெளி விதியில் போட்டுவிடாதீர்கள்.

எண்ணும்எழுத்தும் சொன்ன ஒன்றில் மட்டும் எனக்கு வேறு கருத்து. 128 பேர் தரவில் எக்ஸ்பொனென்ஷியேட்டடை வெய்புல்லோடும் அடுக்குக்குறியோடும் ஒப்பிட்டு நிறுத்தக் கூடாது. ஸ்டேசியின் பொதுமைக் காமாப் பரவலும் மூன்று அளவுருதான், 1962இலிருந்து இருக்கிறது, ஏறி இறங்கும் ஹசார்டும் தரும். ஃப்ளெக்ஸ்சர்வ் பேக்கேஜில் ப்ரென்டிஸ் வடிவத்தில் தயாராக இருக்கிறது, தேடலும் அங்கே நிலையாக நடக்கும். துண்டு வளைவுகளை முடிச்சில் இணைக்கும் ராய்ஸ்டன்-பர்மார் ஸ்ப்லைன், ஒரு முடிச்சோடு, இன்னொன்று. புதிதாக விரித்த பரவல் இவ்விரண்டோடும் ஒரே வரைபடத்தில் நிற்கட்டும், ஹசார்ட் கோடுகளாக. 25 மாதம் வரை மூன்றும் ஒட்டிப் போனால் இடைநிலையையும் 24 மாதப் பிழைப்பையும் எந்தப் பரவலிலிருந்தும் கொடுக்கலாம். அதற்கப்பால் 128 பேரில் ஒன்பது பேர்தான் மிஞ்சுகிறார்கள்; அங்கே கோடுகள் பிரிந்தால் எதையும் நம்பி 60 மாத எண் கொடுக்காதீர்கள்.

வைகைக்கரை

நடுநாள் கோப்பை ஒதுக்கிவிட்டு இடது, வலது எல்லை நிரல்களைக் கட்டத் தொடங்கிவிட்டேன். ஒரு சந்தேகம் மட்டும்: ஒரு வருகையைத் தவறவிட்டு 12 மாதம் கழித்து வந்தவருக்கு?

கடலோரக்காற்று

இடைவெளி 12 மாதமாகவே இருக்கட்டும், நடுவில் எதையும் நிரப்ப வேண்டாம். இடது எல்லை கடைசியாக நேரில் பார்த்த நாள், வலது எல்லை அடுத்து நேரில் பார்த்த நாள். தவறவிட்டதற்குக் காரணம் பதிவாகியிருந்தால் அதையும் ஒரு நிரலாக வையுங்கள். உடல்நிலை காரணமாக வராதவர்கள் மட்டும் அதிகம் என்றால், வருகை இடைவெளி நிகழ்வைச் சாராதது என்ற அனுமானமே உடைகிறது. அவர்களைச் சேர்த்து ஒருமுறை, நீக்கி ஒருமுறை ஓட்டி, இயலாமைக்குப் போகும் ஹசார்ட் 75 வயதிலும் 85 வயதிலும் எவ்வளவு மாறுகிறது என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.